கரை ஒதுங்கிய கடல் பறவையும் பதினோரு கேன் தண்ணீரும்

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அப்போது நான் கடலூர் முதுநகரில், துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் பிளான்ட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். காற்று அடங்கின பிறகு, பிளான்ட் என்ன கதியில் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். கூரைத் தகடு பாதியைக் காணோம். வழியெல்லாம் மரங்களும் கரண்ட் கம்பங்களும் விழுந்து கிடந்தன. லோடு ஏற்றுகிற மேடையில், உடைந்த மீன் கிரேட்டுகளுக்கு நடுவே, ஒரு பறவை உட்கார்ந்திருந்தது.

மேலே முழுக்கக் கறுப்பு, கீழே சுத்த வெள்ளை. நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை. வால் இரண்டாகப் பிரிந்திருந்தது. துறைமுகத்தில் ஆலா என்கிற கடல் பறவைகளைத் தினமும் பார்க்கிறவன் நான். இந்த வகை ஆலாவைப் பார்த்ததே இல்லை. கிட்டே போனேன், நகரவில்லை. கையில் எடுத்தேன், கொத்தவில்லை. பாவம், நம்மை நம்பி வந்திருக்கிறது என்று நினைத்தேன். பெரியவர்கள் வீடு தேடி வந்த உயிர் என்பார்களே, அப்படித்தான் எனக்குத் தோன்றியது. ஒரு காட்டுப் பறவை மனிதன் கையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அது சாகும் நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து, அலகைப் பிளந்து உள்ளே ஊற்றினேன். தலையை உதறியது. மூக்குத் துளையில் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன. குடிக்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் இரண்டு மூடி ஊற்றினேன். பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து நனைந்த வைக்கோலை வாங்கி வந்து தெர்மோகோல் மீன் பெட்டியில் பரப்பி, அதில் உட்கார வைத்து, குளிர் தாக்காமலிருக்க மூடியையும் போட்டேன். தெருப் பிள்ளைகள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்தார்கள். ராத்திரி என் அம்மா, "வயித்துக்கு ஏதாவது குடுடா, வாடிப் போய் கெடக்கு" என்றார். இரண்டு நெத்திலியை வாய்க்குள் தள்ளினேன். மறுநாள் ராத்திரி அது செத்துப்போனது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண் பாதி திறந்தபடி கிடந்தது. நான் செய்த எதிலும் அன்புக்குக் குறைவில்லை. செய்த எல்லாமே அதன் சாவைத்தான் கிட்டே இழுத்து வந்திருக்கின்றன.

இது எனக்குப் புரிய ஆறேழு மாதம் ஆனது. தடுப்பூசி முகாமுக்கு ஐஸ் வாங்க ஒரு கால்நடை மருத்துவர் எங்கள் பிளான்ட்டுக்கு வருவார். ஒருநாள் பேச்சுவாக்கில் அந்த ஆலாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எப்படிங்க குடுத்தீங்க?"

சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் தெருவில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கோழியைப் பிடித்துவரச் சொன்னார். அதன் வாயை மெல்லத் திறந்து, நாக்குக்குப் பின்பக்கம் காட்டினார். அங்கே ஒரு சின்னப் பிளவு, திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தது. "இதுதான் மூச்சுக்குழல் வாய். நாக்குக்குப் பின்னாடி நேரா இருக்குது பாருங்க. நீங்க ஊத்தின தண்ணி இதுக்குள்ள போயிருக்கும். மூக்குல குமிழி வந்துச்சுன்னு சொன்னீங்களே, அது அதான்." அந்தப் பிளவு திறந்து மூடியது இன்றும் கண்ணிலேயே நிற்கிறது. நீங்கள் ஒரு பறவையைக் கையில் எடுக்க நேர்ந்தால், வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சொட்டுச் சொட்டாகக்கூட வேண்டாம். நீர்ச்சத்து தேவைப்பட்டால், மருத்துவர் மெல்லிய குழாயை அந்தப் பிளவைத் தாண்டி இரைப்பை வரைக்கும் இறக்கி, உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கின திரவத்தை ஏற்றுவார். அது பழகின கை செய்கிற வேலை.

நெத்திலியும் தப்பு என்றார். நாள்கணக்கில் பட்டினி கிடந்து உடம்பு வற்றிப்போன பறவைக்கு முழு மீனைச் செரிக்கத் தெம்பு இருக்காது. செரிமானத்துக்கே தண்ணீரும் சூடும் வேண்டும், இரண்டும் அதனிடம் இல்லை. முதலில் சூடு, அப்புறம் திரவம், அது தேறின பிறகு நீர்த்த மீன் கூழ், கடைசியில்தான் முழு மீன். இந்த வரிசையை மாற்றினால் மீனே பறவையைக் கொன்றுவிடும். வைக்கோலைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். ஈர வைக்கோலில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளரும். அதன் தூள் பறவையின் நுரையீரலிலும் காற்றுப் பைகளிலும் போய் முளைத்துவிடும். அந்த ஆலா தண்ணீருக்குத் தப்பியிருந்தாலும் பூஞ்சையிடம் மாட்டியிருக்கும்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி டாக்டர் தெரியும்?" என்று கேட்டேன். கடல் பறவைகளுக்கென்றே மருத்துவமனை வைத்து நடத்துகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், அவர்கள் எழுதி வைத்ததைப் படித்தது என்றார். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இங்கிலீஷில் இருந்ததையெல்லாம் படித்துச் சொல்லச் சொன்னேன்.

அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில், 1971 ஜனவரியில் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் பனிமூட்டத்தில் மோதிக்கொண்டன. ஏறத்தாழ 8,00,000 காலன் எண்ணெய் கடலில் கொட்டியது. நம் கணக்கில் 30 லட்சம் லிட்டர். ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. காலேஜ் பிள்ளைகள், குடும்பப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் கடற்கரைக்கு ஓடி, எண்ணெயில் மூழ்கின பறவைகளை அள்ளி வந்தார்கள். ஏறத்தாழ 7,000 பறவைகள். கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து உடனே கழுவினார்கள். பிழைத்தவை 300 போலத்தான். இதை மகள் படித்தபோது நான் அவளை நிறுத்தி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அந்த ஜனங்கள் அத்தனை பேரும் என்னைப் போலத்தான் இருந்திருக்கிறார்கள். மனசு நிறைய இரக்கம் இருந்தது, செய்முறை தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஆலிஸ் பெர்க்னர் என்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். அந்த வருஷம் ஏப்ரலிலேயே இன்டர்நேஷனல் பேர்ட் ரெஸ்க்யூ என்ற அமைப்பு தொடங்கியது. அதைத் தொடங்கி வளர்த்தவர் அவர்தான். ஒரு நர்ஸ் தொடங்கினார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆஸ்பத்திரியில் நோயாளி வந்ததும் யாரும் முதலில் குளிப்பாட்ட மாட்டார்கள். நாடி பார்ப்பார்கள், சூடு பார்ப்பார்கள், சலைன் ஏற்றுவார்கள். இதையே அவர்கள் பறவைக்குக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் அப்பியிருந்தாலும் பரவாயில்லை, முதல் ஒன்றிரண்டு நாள் சூட்டில் வைத்துத் திரவம் கொடு, இரத்தம் பார், தெம்பு வந்த பிறகு கழுவு. ஆரம்ப வருஷங்களில் பெட்ரோலியக் கரைப்பான்களால்கூடக் கழுவிப் பார்த்தார்கள். அது பறவைக்கும் கேடு, கழுவுகிறவர்களுக்கும் கேடு. அப்புறம் கடையில் விற்கிற பாத்திரம் கழுவும் திரவங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1978-ல் டான் என்ற அமெரிக்கத் திரவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கும் அதுதான் அங்கே புழக்கத்தில் இருக்கிறது.

தென்னாப்பிரிக்கக் கதை இதைவிட எனக்கு நெருக்கமானது, ஏனென்றால் அது ஒரு வீட்டிலிருந்து தொடங்குகிறது. 1967-ல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டதால் எண்ணெய்க் கப்பல்கள் எல்லாம் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அந்தக் கரையில்தான் ஆப்பிரிக்கப் பென்குயின்கள் இருக்கின்றன. 1968-ல் எஸ்ஸோ எஸ்ஸென் என்ற கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது, கேப்டவுனில் அல்தியா வெஸ்ட்பால் என்ற பெண் எண்ணெய் பூசின பென்குயின்களைத் தன் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றத் தொடங்கினார். அதே வருஷம் சான்காப் என்ற அமைப்பு பிறந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது.

அவர்களும் அடி வாங்கித்தான் கற்றார்கள். 1994-ல் அப்பல்லோ சீ என்ற கப்பல் மூழ்கி, ஏறத்தாழ 10,000 பென்குயின்கள் எண்ணெயில் சிக்கின. பாதிக்குப் பாதிதான் தேறின. அள்ளிக்கொண்டு வந்த விதமே ஒரு காரணம். காற்றோட்டமில்லாமல் நெருக்கி ஏற்றினதில், எண்ணெய் ஆவியிலும் சூட்டிலும் பல செத்தன. அதற்கப்புறம் நான்கு பக்கமும் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகள் வந்தன. நான் மூடி போட்டு வைத்த தெர்மோகோல் பெட்டியை நினைத்துக்கொண்டேன்.

ஆறே வருஷத்தில், 2000 ஜூன் 23 அன்று, ட்ரெஷர் என்ற கப்பல் ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் நடுவே மூழ்கியது. நெல்சன் மண்டேலா சிறை இருந்தாரே, அதே ராபன் தீவு. இந்தத் தடவை எண்ணெய் பட்ட பென்குயின்கள் மட்டும் 19,000 போல. கேப்டவுனில் ஒரு ரயில்வே கிடங்கையே ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்தார்கள், 1971-ல் தொடங்கின அந்த அமெரிக்க அமைப்பும் வந்தது. இன்னும் எண்ணெய் படாத 19,500 பறவைகளை என்ன செய்வது? கூண்டில் அடைத்தால் நோய் வரும், விட்டால் எண்ணெய்க்குள் போய் விழும். லாரியில் ஏற்றி எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் போர்ட் எலிசபெத் பக்கம் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டார்கள். அவை வீட்டைத் தேடி நீந்தித் திரும்புவதற்குள் எண்ணெயை அள்ளிவிடலாம் என்று கணக்கு. பீட்டர், பமீலா, பெர்சி என்று பெயர் வைத்து மூன்று பென்குயின்கள் முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டி விட்டார்கள். அவை எங்கே வருகின்றன என்று நாடே தினமும் பார்த்துக்கொண்டிருந்தது. கணக்கு பலித்தது. எண்ணெய் பட்டவற்றிலும் பத்துக்கு ஒன்பது பிழைத்தன. 1971-ல் 7,000-க்கு 300. நடுவே ஓடினது முப்பது வருஷம்தான். செத்த ஒவ்வொன்றும் ஏன் செத்தது என்று யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். நான் என் ஆலாவைப் பற்றி ஒரு வரி எழுதி வைக்கவில்லை. கணக்கு நோட்டு எழுதியே சம்பளம் வாங்குகிறவன் நான். அதற்கப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன்.

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன்.

2015 ஜூலை. தென்மேற்குக் காற்று பலமாக இருந்த சமயம். தேவனாம்பட்டினத்திலிருந்து எனக்குத் தெரிந்த மீனவர் ஒருவர் பைக்கில் வந்து, "அண்ணே, வலையில மாட்டிக்கிச்சு, ஆளக் கிழிக்கப் பாக்குது" என்று ஒரு சாக்கை இறக்கினார். உள்ளே வாத்தைவிடப் பெரிய வெள்ளைப் பறவை. இறக்கை ஓரம் கறுப்பு, முகத்தில் முகமூடி போட்டது போலக் கறுப்புத் தோல், ஈட்டி மாதிரி மஞ்சள் அலகு. பின்னால் மருத்துவர் பார்த்து மாஸ்க்டு பூபி என்றார். கொத்தாமலிருக்க அந்த அலகை மூன்று ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள்.

பறவை திணறிக்கொண்டிருந்தது. தொண்டைத் தோல் உள்ளே இழுத்து இழுத்து அடங்கியது. நான் படித்திருந்த ஒரு வரி அப்போது ஞாபகம் வந்ததை என் வாழ்நாளின் அதிர்ஷ்டமாக நினைக்கிறேன். பூபி இனம் உயரத்திலிருந்து செங்குத்தாகக் கடலுக்குள் பாயும். பாயும்போது தண்ணீர் மூக்கில் ஏறாதபடி அதற்கு மற்றப் பறவைகளைப் போல அலகில் திறந்த மூக்குத் துளை கிடையாது. வாயோரமாகத்தான் மூச்சு விடும். நீர்க்காகமும் கூழைக்கடாவும்கூட அலகில் திறந்த துளை இல்லாதவைதான். இவற்றின் அலகைக் கட்டுவது மனிதனுக்கு மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்துவது போல. கத்தரிக்கோல் தேடவில்லை, பல்லாலேயே ரப்பர் பேண்டை அறுத்தேன். இரண்டாவது அறுந்ததும் அலகு சட்டென்று விரிந்து, கரகரவென்று ஒரு சத்தத்தோடு மூச்சு இழுத்தது. முழங்கையில் ஒரு வெட்டு விழுந்தது. கண்ணுக்குக் குறி வைத்திருந்தால் கண் போயிருக்கும். அப்புறம் யோசித்துத்தான் பயந்தேன். இப்போது பைக் ஓட்டும்போது போடுகிற கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் எந்தப் பறவையையும் தொடுவதில்லை. அலகைக் கட்டாமல் பிடிக்க ஒரே வழி இருக்கிறது. மேலே துண்டைப் போட்டு மூடு, தலையின் பின்பக்கம் தாடையோடு சேர்த்து ஒரு கையால் பிடி, இறக்கை இரண்டையும் உடம்போடு அணைத்து இன்னொரு கைக்குள் வை. முகத்துக்கு எட்டாத தூரத்தில் வை. துண்டு மூடி இருட்டானதும் பறவை பாதி அடங்கிவிடும்.

அட்டைப் பெட்டியில் பேனாவால் சுற்றிலும் ஓட்டை குத்தி, அடியில் பழைய பருத்தி வேட்டியை மடித்துப் போட்டு, அதற்குள் வைத்து மூடினேன். அப்புறம் எதுவும் செய்யவில்லை. இதை எழுத ஒரு வரி போதும். செய்வது மகா கஷ்டம். ஐஸ் பிளான்ட்டில் இருபது பேர் வேலை பார்க்கிறார்கள். எல்லாருக்கும் பார்க்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், மீன் கொடுக்க வேண்டும். "பசிக்குமேண்ணே, ஒரு கவலை மீன் போட்டா என்ன?" என்று ஒரு பையன் கண் கலங்கக் கேட்டான். அவனிடம் நான் 2011-ஐச் சொன்னேன். பெட்டியை ஆபீஸ் ரூமில் வைத்து, கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நம் முகம், நம் குரல், நம் கண் இரண்டும் நேராக அதைப் பார்ப்பது எல்லாமே அந்தப் பறவைக்கு வேட்டை மிருகம்தான். தடவிக் கொடுத்தால் நமக்குத்தான் ஆறுதல்.

அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையை நாமே வைத்துக்கொண்டு வளர்க்க முடியாது, நல்லெண்ணத்தோடு என்றாலும் முடியாது. முதலில் ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் எடுத்தவர் மயிலா என்று கேட்டார், இல்லை என்றதும் வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம்முடைய கரை கோடியக்கரை, பிச்சாவரம் என்று பறவைகளுக்குப் பேர் போன கரை. இங்கே ஒரு கடல் பறவை விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று துறைமுகத்தில் வேலை செய்கிறவனுக்கே தெரியவில்லை என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் கால்நடை மருத்துவர் மூலம்தான் வனத்துறையில் சரியான ஆள் கிடைத்தார். அவருடைய நம்பரை ஏலக்கூடத்துச் சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் ஊர் கடற்கரை என்றால், பறவை விழும் முன்பே அந்த நம்பரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் குழாய் போட்டுத் திரவம் ஏற்றினார். மூன்றாம் நாள் முழு மீன் தின்றது. மீன் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. தலைப்பக்கம் முன்னால் போக வேண்டும், இல்லையென்றால் செதிலும் துடுப்பு முள்ளும் தொண்டையில் எதிர்த்து நிற்கும். ஐஸில் வைத்த மீன் மட்டுமே நாள்கணக்கில் தின்றால் பி1 வைட்டமின் குறைந்துபோகும் என்பதால், ஒரு மாத்திரையை மீனின் செவுளுக்குள் செருகிக் கொடுக்கச் சொன்னார். கால் அடிப் பக்கமும் மார்பெலும்பும் அழுந்திப் புண்ணாகாமலிருக்க, கிரேட் ஒன்றின் மேல் பழைய வலையை இழுத்துக் கட்டி அதன் மேல் விட்டோம். கடலிலேயே கிடக்கிற உடம்புக்குச் சிமென்ட் தரை ஒத்துவராது. பழைய வலைக்கு எங்கள் ஊரில் பஞ்சமா?

எட்டாம் நாள் வனத்துறை ஊழியரோடு, அதைக் கொண்டுவந்த மீனவரின் படகிலேயே போய், கடலில் இறக்கிவிட்டார்கள். கொஞ்ச நேரம் மிதந்தது, தலையை முக்கி எடுத்தது, தண்ணீரை மிதித்துக்கொண்டே ஓடி எழும்பியது என்று மீனவர் வந்து சொன்னார். எனக்கு அன்றைக்கு லோடு இருந்தது, போக முடியவில்லை.

எண்ணெய்ப் பறவை 2018 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முந்தின வருஷம் 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரையோரம் தார் மாதிரி எண்ணெய் ஒதுங்கினதையும், மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளினதையும் எல்லாரும் டிவியில் பார்த்தோம். எங்கள் பறவைகளுக்கு அத்தனை பெரிய காரணம் ஒன்றுமில்லை. யாரோ ஒரு படகின் கழிவு ஆயிலை உப்பனாற்றில் கொட்டியிருக்கிறார்கள். இரண்டு கடற்காகங்கள், குளிர்காலத்துக்கு இங்கே வருகிறவை, இறக்கை ஒட்டிப்போய்ச் சேற்றில் கிடந்தன.

இறகை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். ஒரு நரம்பிலிருந்து நூல் நூலாகப் பிரிந்து, அந்த நூல்கள் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும். நல்ல கீற்று முடைசல் மாதிரி. அதனால்தான் தண்ணீர் உள்ளே இறங்காது, உள்ளே காற்றும் சூடும் தங்கும். எண்ணெய் ஒரு ரூபாய்க் காசு அளவு பட்டாலும் அந்த இடத்தில் கொக்கி விட்டுப்போகும். குளிர்ந்த தண்ணீர் நேராகத் தோலைத் தொடும். பறவை சூடு இழக்கும், அதைச் சரிபண்ண அலகால் கோதும், கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். அதனால் கோதவிடாமல் துணியில் சுற்றி, சூடாக வைத்து, ஒரு நாள் காத்திருந்தோம். அறுபது வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று பெட்டிக்கு வெளியே ஒரு மூலையில். சூடு அதிகமானால் விலகிப்போக எதிர்மூலை காலியாக.

இரண்டில் ஒன்று அன்று ராத்திரியே செத்துவிட்டது. அதைக் கழுவவே இல்லை. வேலைக்காரப் பையன் ஒருவன், "உடனே கழுவியிருந்தா பொழச்சிருக்கும்" என்று என்னிடம் கோபித்துக்கொண்டான். மருத்துவர் வந்து வயிற்றைத் திறந்து காட்டினார். குடல் முழுக்கக் கறுப்பு.

இன்னொன்றை மறுநாள் மத்தியானம் கழுவினோம். மருத்துவர் கழுவினார், நான் பிடித்துக்கொண்டேன், வனத்துறை ஊழியர் தண்ணீர் மாற்றினார். எங்கள் போர் தண்ணீர் உப்பும் கடினமும். அதில் கழுவினால் சுண்ணாம்பு இறகில் தங்கிவிடும். கொக்கி சேராது. அதனால் குடிக்க வாங்குகிற இருபது லிட்டர் கேன் தண்ணீரை அண்டாவில் காய்ச்சினோம். முழங்கை வைத்தால் இதமான சூடு, நாற்பது டிகிரி. லிட்டருக்கு பத்து மில்லி அளவில் பாத்திரம் கழுவும் திரவம். முதல் டப்பில் இறக்கையைத் தண்ணீரில் அலம்பினதும் காபி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. இரண்டாவது டப் டீ நிறம். நான்காவதில்தான் தெளிந்தது. தலைக்கு மட்டும் குழந்தைகளின் மெல்லிய டூத் பிரஷ், கண்ணோரம் நனைத்த பஞ்சு. தேய்க்கவே கூடாது, தண்ணீரை இறகுக்குள் தள்ளி எடுக்க வேண்டும்.

கழுவினதோடு முடிந்தது என்று நினைத்தேன். அலசுவதுதான் பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எண்ணெய் போனாலும் சோப்பு ஒரு துளி மிஞ்சினால் இறகு நனைந்துகொண்டே இருக்கும். செடிக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர் ஒன்றைப் புதிதாக வாங்கி, வெந்நீரை நிரப்பி, இறகு வளரும் திசைக்கு எதிராக, வாலிலிருந்து தலைப்பக்கமாக அடித்துக்கொண்டே இருந்தோம். முக்கால் மணி நேரம் இருக்கும். என் விரலுக்கு அடியில் கழுத்து இறகு திடீரென்று மாறியது. நனைந்த துணி போலக் கிடந்தது, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழ, அடியில் உள்ள தூவி காய்ந்து உப்பிக்கொண்டு எழுந்தது. மார்பு, வயிறு, இறக்கைக்கடி என்று ஒவ்வோர் இடமாக அப்படி எழும்வரை விடவில்லை. மொத்தம் பதினோரு கேன். ஒரே ஒரு பறவைக்கு.

அதற்கப்புறமும் ஒரு தப்பு நடந்தது, அது என் தப்பு. இரண்டு நாள் கழித்து டப்பில் மிதக்கவிட்டுப் பார்த்தபோது முதுகில் ஒரு பக்கம் மட்டும் நனைந்தது. காரணம் புரியவில்லை. மருத்துவர் என் கையை மோந்து பார்க்கச் சொன்னார். கவலை மீன் நாற்றம். மீன் கொடுத்த கையாலேயே பறவையைத் தூக்கியிருக்கிறேன். மீன் எண்ணெயும் எண்ணெய்தான், அதே கொக்கியை அதுவும் அவிழ்க்கும். ஐஸ் பிளான்ட்டில் மேசை, துண்டு, கதவுக் கைப்பிடி எல்லாவற்றிலும் அந்த எண்ணெய் இருக்கிறது. மறுபடி அந்த இடத்தை மட்டும் கழுவி அலசினோம். அப்போதிலிருந்து பறவைக்கென்று தனித் துண்டு, தனிக் கையுறை. மீன் கொடுக்கிறவர் ஒருவர், தூக்குகிறவர் வேறு ஒருவர்.

பதினொன்றாம் நாள், அரை மணி நேரம் மிதந்தும் ஓர் இறகு நனையாததைப் பார்த்த பிறகு, தேவனாம்பட்டினம் கரையில் அதன் கூட்டம் நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோனோம். பெட்டியைச் சாய்த்ததும் மணலில் நாலு அடி நடந்தது, நின்றது, காற்றைப் பார்த்துத் திரும்பியது, போய்விட்டது. கூட்டத்தில் எது என்று அடையாளம் தெரியவில்லை. நோட்டில் தேதியும் எடையும் எழுதினேன். செத்ததற்கும் ஒரு பக்கம் எழுதினேன்: வந்த நேரம், உடம்புச் சூடு, குடல் கறுப்பு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து, கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் கறையோடு நின்ற படங்களைப் பார்த்தபோது தூக்கம் வரவில்லை. ஒரு கடற்காகத்துக்குப் பதினோரு கேன் என்றால் ஒரு கூழைக்கடாவுக்கு எத்தனை? நூறு வந்தால் வெந்நீர் எங்கே, கை எங்கே, இடம் எங்கே? கேப்டவுனில் 2000-ல் ஒரே வாரத்தில் கிடங்கு தயாரானது 1968-லிருந்து ஒரு வேலை நடந்துகொண்டே இருந்ததால்தான். தமிழ்நாட்டுக் கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். எங்கள் ஊர் மாதிரி ஒரு துறைமுகத்தில் ஒரு அறை, வெந்நீருக்கு ஒரு பாய்லர், மென்னீர், வலை கட்டின நாலு கூண்டு, சொல்லிக் கொடுக்க ஒரு மருத்துவர். இதைக் கேட்டு இரண்டு தடவை மனு எழுதியிருக்கிறேன். மூன்றாவது மேசையில் இருக்கிறது.

போன ஆடியில் காலை ஐந்து மணிக்கு, ஏலம் தொடங்கும் முன்னால், கண் கலங்கக் கேட்டானே அந்தப் பையன், இப்போது அவன் சொந்தமாகப் படகுக்குப் போகிறான், கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான். பிஸ்கட் பெட்டி. நான்கு பக்கமும் ஓட்டை. மூடியைத் திறக்காமல் மேசையில் வைத்தான்.

"ஆலாண்ணே, கறுப்பு முதுகு. படகு மேல விழுந்துச்சு. துண்டு போட்டுத்தான் எடுத்தேன்."

"தண்ணி?"

"ஒண்ணும் குடுக்கல. நம்பருக்கு அடிச்சிட்டேன், ஏழு மணிக்கு வர்றாங்களாம்."

பெட்டியை ஆபீஸ் ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். அவன் வெளியே படியில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வந்த ஆட்களையெல்லாம் வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான்.